பாடுகிறவர்களே பாய் விரிக்கும் விழா

சாத்தூரில் ரயில் நின்றபோது விடிந்தும் விடியாமலும் இருந்தது. சேவுப் பொட்டலமும் வெள்ளரிப்பிஞ்சும் விற்கிறவர்கள் அந்த நேரத்திலேயே பெட்டிக்குப் பெட்டி ஏறி இறங்கினார்கள். தீபாவளிக்கு முந்தின நாள். ஊருக்குப் போகிறவர்களின் பைகளில் புதுத்துணியும் மத்தாப்புப் பெட்டியும் பிதுங்கிக்கொண்டிருந்தன. ஜன்னலுக்கு வெளியே கரிசல் காடு. நான்கு நாட்களுக்கு முன்பு பெய்த மழையின் ஈரம் இன்னும் போகவில்லை. கருத்த மண் அங்கங்கே மினுங்கியது. விதைப்பு முடிந்த புஞ்சைகளில் பயறும் உளுந்தும் ஈரிலை விட்டிருந்தன.

இந்தச் சாத்தூர்க் காட்டைப் பற்றி ஒரு கதை உண்டு. முத்துசாமி தீட்சிதர் தம் கடைசிக் காலத்தில் எட்டயபுரத்துக்கு வண்டியில் போகிறார். வழியெல்லாம் வறட்சி. மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. குடிக்கத் தண்ணீர் இல்லாத சனங்களைப் பார்த்து மனம் தாளாமல், அமிர்தவர்ஷிணி ராகத்தில் 'ஆனந்தாம்ருதாகர்ஷிணி' என்ற கிருதியை அங்கேயே பாடுகிறார். மழை கொட்டுகிறது. கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஊர் மூழ்கிவிடும் என்ற நிலை வந்ததும், போதும், நில் என்று மழையிடம் மறுபடி பாடி வேண்டிக்கொள்கிறார். கரிசல்காட்டில் பயிர் வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையின் பின்பாதிதான் முக்கியம். இங்கே மழை இல்லாவிட்டாலும் கேடு, அதிகம் பெய்தாலும் கேடு. இந்த மண் தண்ணீரை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு நாள் கூடுதலாகப் பெய்தால் விதை மண்ணுக்குள்ளேயே அழுகிப்போகும்.

நான் போய்க்கொண்டிருந்ததும் அந்தத் தீட்சிதரைத் தேடித்தான். அவர் மறைந்தது 1835 அக்டோபர் 21, ஒரு தீபாவளி நாள். அவருடைய சமாதி எட்டயபுரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அங்கே இசைக்காரர்கள் கூடிப் பாடுவது வழக்கம். நாடு முழுக்க எண்ணெய் தேய்த்துக் குளித்து, இனிப்பு தின்று, வீட்டில் உட்கார்ந்திருக்கிற நாளில், ஒரு பாடகர் தம் குடும்பத்தை விட்டுவிட்டு இந்த வானம் பார்த்த பூமிக்கு வருகிறார் என்றால் அதற்குச் சன்மானம் காரணமாக இருக்க முடியாது. என்ன காரணம் என்று பார்க்கத்தான் கிளம்பினேன்.

கோவில்பட்டியில் இறங்கிக் காலைப் பலகாரம் முடித்துவிட்டுக் கடைத்தெருவில் நடந்தேன். தீப்பெட்டியும் பட்டாசும் பருத்தியும் வளர்த்த ஊர். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாய் கடைக்குக் கடை அடுக்கியிருந்தது. ஆனால் எனக்கு இது முதலில் காருகுறிச்சி அருணாசலத்தின் ஊர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் மாணவர், 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு நாயனத்தைப் போட்டிக்கு நிறுத்தியவர், குடியேறி வாழ்ந்தது இங்கேதான். 1964-ல், நாற்பத்து மூன்று வயது நிறைவதற்கு முன்பே போய்விட்டார். தெற்கே நெல்லைச் சாலையில் இடைசெவல்: கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த கிராமம். இருவரும் எழுத்தாளர்கள் ஆவதற்கு முன்பே சங்கீதப் பித்து பிடித்தவர்கள். கிழக்கே விளாத்திகுளம். அங்கே நல்லப்ப சுவாமிகள் மணிக்கணக்காக ராகம் பாடினார். கரிசல் என்றால் பஞ்சமும் பருத்தியும் மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் இந்த வட்டாரத்தின் காதுகளைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள்.

எட்டயபுரம் பேருந்து எப்போது என்று ஒரு கடைக்காரரிடம் கேட்டேன்.

"இப்பம்தான் ஒண்ணு போச்சு அண்ணாச்சி. அடுத்தது வந்துரும். நாளும் கிழமையுமா அங்க என்ன சோலி?"

பாட்டுக் கேட்க என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "தீட்சிதர் பாட்டா? போயிட்டு வாங்க. மழைப் பாட்டு பாடுவாகளா?"

அந்தக் கேள்வி அன்று சாயந்திரம் வேறொரு வடிவத்தில் என் முன்னால் வந்து நிற்கும் என்று அப்போது தெரியாது.

எட்டயபுரம் கோவில்பட்டிக்குக் கிழக்கே, பேருந்தில் அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். எட்டயபுரம் என்றதும் பலருக்கு நினைவு வருவது பாரதி. அடுத்தபடியாக, வசைச்சொல்லாகிவிட்ட ஒரு பெயர். 1799-ல் கட்டபொம்மனுக்கு எதிராக ஆங்கிலேயர் பக்கம் நின்ற பாளையம் என்பது வரலாறு. ஆனால் ஒரு வசைச்சொல்லுக்குள் ஓர் ஊரையே அடைத்து வைப்பது நியாயம் இல்லை. இதே அரண்மனைதான் தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதரை ஆஸ்தான வித்வானாக வைத்துக்கொண்டது. பிடிலைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முதல்வராகச் சொல்லப்படுகிறவர் அவர். சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்த காலத்தில் ஓர் ஐரோப்பியரிடம் அதைக் கற்றார். அதே மணலி நாட்களில் கோட்டை பேண்டு வாசித்த மெட்டுக்களைக் கேட்டு, அண்ணன் அவற்றுக்குச் சமஸ்கிருதச் சாகித்தியம் செய்தார். ஏறக்குறைய நாற்பது பாட்டுகள். நொட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

பாலுசாமியின் மகள் வயிற்றுப் பேரனும் தத்துப் பிள்ளையுமான சுப்பராம தீட்சிதர் இந்த ஊரிலேயே வாழ்ந்தார். சென்னையிலிருந்து சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவப் பட்டதாரி, நம் பாட்டுகளை ஐரோப்பிய சுரக்குறியில் அச்சிட்டுக் காப்பாற்ற வேண்டும் என்று தம் உடலையும் பணத்தையும் செலவழித்தவர், அவரைத் தூண்டினார். தம் குடும்பச் சொத்தாகக் காத்து வந்த பாட்டுகளை வெளியே கொடுக்கச் சுப்பராமருக்குத் தயக்கம் இருந்தது. எட்டயபுரம் மன்னரின் சொல்லும் பொருளும் சேர்ந்த பிறகே இணங்கினார். 1904-ல் எட்டயபுரத்திலேயே, வித்யா விலாசினி அச்சகத்தில், தெலுங்கு எழுத்தில் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' வெளிவந்தது. இரண்டு பெரிய பாகங்கள். தீட்சிதரின் 229 கிருதிகள் அதில் சுரப்படுத்தப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு கமகத்துக்கும் தனித்தனிக் குறி: இந்தச் சுரத்தை அசை, இதில் வழுக்கு, இதைத் தட்டி விடு என்று. அந்தக் குறிகளுக்காகவே எழுத்து வார்த்திருக்க வேண்டும். மழை பொய்த்தால் கஞ்சிக்கும் வழியில்லாத சீமையில், நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்து முடித்தார். 1906-ல் அவர் மறைந்தபோது, அதே ஊர்ப்பிள்ளையான பாரதி இரங்கற்பா எழுதினார்.

அன்று சாயந்திரம் ஒத்திகை. தெருவோரம் ஒரு வீட்டின் நீண்ட கூடம். பத்துப் பேர் இருந்தார்கள். இரண்டு பேர் சென்னையில் கச்சேரி செய்கிறவர்கள். ஒருவர் அரசு இசைப்பள்ளி ஆசிரியை. ஒரு வீணைக்கார அம்மா. தூத்துக்குடியிலிருந்து வந்தவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவில் டெனர் பாடுகிறவர், மற்ற நாட்களில் கர்நாடக இசை கற்பிக்கிறவர். எல்லாருக்கும் பாட்டுதான் பிழைப்பு. ஆனால் நான் உள்ளே போனபோது ஒருவர் பாய் உதறிக்கொண்டிருந்தார், ஒருவர் காபி ஆற்றிக்கொண்டிருந்தார், இன்னொருவர் நாளைக் காலைச் சாப்பாட்டுக்கு எத்தனை இலை என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். தனியாக விழாக்குழு என்று யாரும் இல்லை.

சேர்ந்து பாடுவது எவ்வளவு கஷ்டமான வேலை என்பதை அங்கேதான் பார்த்தேன். முதல் தகராறு சுருதி. ஆண்களுக்கு ஒன்றரைக் கட்டை வசதி, பெண்களுக்கு ஐந்தரை. தேவாலயப் பாட்டில் இந்தச் சிக்கலே இல்லை. சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரலுக்கும் நான்கு வழி போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அவரவர் தம் வழியில் நடந்து ஒரே இடத்தில் சந்திக்கிறார்கள். நம் இசையில் எல்லாரும் ஒரே ஒற்றையடிப் பாதையில் போக வேண்டும். யாராவது விட்டுக்கொடுத்தே தீர வேண்டும். அன்று ஆண்கள் விட்டுக்கொடுத்தார்கள். மந்திர ஸ்தாயியில் இறங்கும் இடத்தில் பெண்கள் சன்னமாக, மேலே போகும் இடத்தில் ஆண்கள் அடக்கமாக என்று முடிவாயிற்று.

அடுத்தது மூச்சு. தீட்சிதரின் கிருதிகள் பெரும்பாலும் சவுக்க காலம். யானை நடந்து போவது போல. ஒரு சொல்லை இழுத்து முடிப்பதற்குள் தனிக்குரலுக்கு மூச்சு முட்டும். "பக்கத்துல இருக்கறவங்க மூச்சு வாங்கற இடத்துல நீங்க வாங்காதீங்க" என்றார் ஆசிரியை. ஒருவர் நிறுத்தும்போது இன்னொருவர் தாங்குகிறார். கேட்கிறவருக்கு ஒரு நூல்கூட அறுவதில்லை.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் பாடாந்தரம். பத்துப் பேரும் பத்துக் குருமார்களிடம் கற்றவர்கள். ஒரே வரிக்கு ஆளுக்கொரு சங்கதி. கமகத்தின் அளவு ஆளுக்கு ஆள் மாறினால் பத்துக் குரலும் சேர்ந்து ஒரு சுரத்தைக் கலங்கலாக்கிவிடும். அந்த இடத்தில் வீணைக்கார அம்மா மடியிலிருந்த கனத்த புத்தகத்தைப் பிரித்தார். பிரதர்சினியின் தமிழ்ப் பதிப்பு, சென்னை மியூசிக் அகாதெமி போட்டது. குறியைப் பார்த்து, அந்தப் பிடியை வீணையில் வாசித்துக் காட்டினார். தீட்சிதரே வீணைக்காரர். அந்தக் கம்பியில் கமகம் எவ்வளவு வளைகிறதோ அவ்வளவுதான் குரலும் வளைய வேண்டும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். இந்த ஊரில் அச்சான புத்தகம், இந்த ஊரில் ஒரு கூடத்தில், பத்துத் தொண்டைகளை ஒரு தொண்டையாக்கியது. அன்றைக்கு நான் பார்த்தவற்றில் என்னை அதிகம் அசைத்தது இதுதான்.

மழைப்பாட்டு அதற்குப் பிறகு வந்தது. நாளைப் பட்டியலில் 'ஆனந்தாம்ருதாகர்ஷிணி' உண்டா என்று உள்ளூர்க்காரர் ஒருவர் கேட்டார். சென்னையிலிருந்து வந்த மூத்த பாடகர் தயங்கினார். "அது பிரதர்சினியில இல்லைங்களே. அமிர்தவர்ஷிணி ராகமே அதுல இல்லை. இந்த ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு, இந்தப் புஸ்தகத்தைப் பக்கத்துல வச்சிக்கிட்டு..." அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சுப்பராம தீட்சிதர் சேர்க்காத பாட்டுகளைத் தீட்சிதர் பேரில் பாடலாமா என்பது ஆராய்ச்சிக்காரர்களிடையே தீராத வழக்கு. உள்ளூர்க்காரர் வாதாடவில்லை. "ஐயா சொல்றது சரியா இருக்கும். ஆனா எங்க ஊர்ச் சனம் வேற எந்தப் பாட்டைக் கேட்டு வரும்?" என்று மட்டும் சொன்னார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மூத்தவர் தம்பூராவைத் தூக்கி நிறுத்தி, "சரி, ஒரு தரம் பார்த்துடலாம்" என்றார். பாடலின் மூலச்சான்று என்ன என்பது ஒரு கேள்வி. அந்தப் பாடலுக்காகக் காத்திருக்கிற மண் எது என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் மதித்தவர் என்ற காரணத்தால் அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

தீபாவளி காலையில் எட்டயபுரம் வெடிச்சத்தத்தோடு விழித்தது. சமாதியில் விளக்கேற்றிப் பூசை முடிந்தது. பூவும் கற்பூரமும் வெடிமருந்தும் கலந்த வாசம். ஐம்பது அறுபது பேர் இருக்கலாம். எண்ணெய்க் குளியல் முடித்த ஈரத்தலையோடு பெண்கள், புதுச்சட்டையில் பிள்ளைகள். பாட்டு தொடங்கியது.

கடைசிக் காலத்தைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படுவது இது: அந்தத் தீபாவளி நாளில் தீட்சிதர் தம் சீடர்களைக் கூப்பிட்டு, மதுரை மீனாட்சி மேல் தாம் செய்த 'மீனாக்ஷி மே முதம்' கிருதியைப் பாடச் சொன்னார். பூர்வி கல்யாணி என்று பலரும் சொல்லும் ராகம். தீட்சிதர் மரபில் அதற்குக் கமகக்கிரியா என்று பெயர். சீடர்கள் சேர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. அப்படியானால் அவர் கடைசியாகக் கேட்டது ஒரு கூட்டுக்குரலை. மேடை இல்லை, தனி ஆவர்த்தனம் இல்லை, கைதட்டல் இல்லை. கட்டிலைச் சுற்றி உட்கார்ந்த சில பேரின் ஒன்றுபட்ட குரல். அதே பாட்டை இந்தப் பத்துப் பேரும் அன்று எடுத்தபோது, பக்கத்துத் தெருவில் சரவெடி வெடித்துக்கொண்டிருந்தது. யாரும் நிறுத்தவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் எடுத்துக்கொண்டு போனார்.

பாடகர்கள் தாமே எடுத்து நடத்தும் விழா நமக்குப் புதிதல்ல. திருவையாற்றில் தியாகராஜரின் சமாதி கேட்பாரற்றுக் கிடந்தபோது, பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் சம்பாத்தியத்தை விட்டு இடம் வாங்கிக் கோயில் எழுப்பினார். 1926-ல் குடமுழுக்கு. அந்தச் சமாதியில் பெண்கள் பாட இடமில்லாதிருந்த காலம் அது. அவர் பெண்களைத் திரட்டித் தனியாகவே பாட்டு நடத்தினார். தனித்தனியாக விழா நடத்திவந்த கட்சிகள் 1940 வாக்கில் ஒன்றாயின. தியாகராஜரின் பஞ்சரத்தினக் கிருதிகளை எல்லாரும் ஒரே குரலாகப் பாடும் வழக்கம் நிலைபெற்றது அதற்குப் பிறகுதான். இன்று அந்த ஊருக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் போகிறது, தொலைக்காட்சி போகிறது. எட்டயபுரத்துக்கு அந்தக் கூட்டம் வந்ததில்லை. காவிரியும் இல்லை, மார்கழி சீசனை அடுத்து வரும் வசதியும் இல்லை. தீபாவளி என்ற ஒரு நாள் குறுக்கே நிற்கிறது.

பாடகர்களே நடத்தும் இப்படிப்பட்ட விழா வெளிநாட்டிலும் உண்டு. இங்கிலாந்தில் ஆல்டபர்க் என்ற கடற்கரைச் சிற்றூரில், 1948-ல், இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனும் பாடகர் பீட்டர் பியர்சும் எழுத்தாளர் எரிக் குரோசியரும் ஒரு விழாவைத் தொடங்கினார்கள். ஊரூராகப் போய்ப் பாடிக் களைத்தவர்கள், நம் ஊரிலேயே நாமே நடத்தலாம் என்று எண்ணினார்கள். பிறகு பக்கத்து ஊரான ஸ்னேப்பில், பார்லி முளைகட்டும் பழைய கட்டடம் ஒன்றை அரங்காக மாற்றி 1967-ல் திறந்தார்கள். 1969-ல் விழாவின் முதல் இரவிலேயே அது எரிந்துபோனது. அடுத்த வருஷத்துக்குள் மறுபடி கட்டிவிட்டார்கள். கோவில்பட்டியைச் சுற்றிப் பழைய பருத்தி அரவை மில்கள் ஓடு சரிந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஸ்னேப் கட்டடம் நினைவுக்கு வருகிறது. பஞ்சு அடைந்து கிடந்த உயரமான கூரைக்கடியில் பத்துக் குரல்கள் எப்படிக் கேட்கும்! இது என் ஆசை. யாராவது செய்ய மாட்டார்களா என்று மனசார ஏங்குகிறேன்.

ஆனால் கரிசலுக்குக் கூட்டுப்பாட்டை யாரும் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதில்லை. மதியத்துக்கு மேல் கழுகுமலைக்குப் போனேன். கோவில்பட்டிக்கு மேற்கே. பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, முடிக்காமலே விட்ட வெட்டுவான் கோயிலைப் பார்த்துவிட்டு, அடிவாரத்தில் முருகன் சன்னதியில் உட்கார்ந்தேன். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியது இந்த முருகனுக்குத்தான். ஊற்றுமலை ஜமீன்தார் மருதப்பத் தேவர் காவடி எடுத்து நடந்தபோது, வழிநடைக்காகப் பிறந்த பாட்டுகள். ரெட்டியார் 1891-ல், இருபத்தாறு வயதில் இறந்துபோனார். சந்தம் காலடிக்கு அளவெடுத்தது. முன்னால் போகிறவர் ஓரடி எடுத்துக் கொடுக்க, பின்னால் வருகிற கூட்டம் வாங்கிப் பாடும். அதே மாதிரிதான் கொடைவிழா வில்லுப்பாட்டும். வில்லுக்கு வலத்தே ஒரு கூட்டம், இடத்தே ஒரு கூட்டம். நடுவில் புலவர். குடமும் உடுக்கும் ஜால்ராவும். கதையைப் புலவர் நிறுத்துமிடத்தில் பின்பாட்டுக்காரர்கள் தாங்கிப் பிடிக்க, அவர் மூச்சு வாங்கிக்கொள்வார். விடிய விடியப் பாடிக் கூலி வாங்கிப் பிழைத்த கூட்டுப்பாடகர்கள் இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக உண்டு. நேற்று ஒத்திகையில் ஆசிரியை சொல்லிக்கொடுத்த மூச்சுக் கணக்கு இவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். சாஸ்திரிய சங்கீதக்காரர்கள் ஒரு தீபாவளிக்காவது இந்த வில்லுப்பாட்டுக்காரர்களைப் பக்கத்தில் உட்கார்த்திவைத்துப் பாட வேண்டும்.

சென்னையில் 1970-களின் தொடக்கத்தில் எம்.பி. சீனிவாசன் இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கியபோது, பாரதியின் பாட்டுகளைப் பல குரலில் பிரித்துப் பாடவைத்தார். எட்டயபுரத்துக் கவிதை அப்படி நான்கு வழியாகப் பிரிந்து ஒன்று சேர்ந்ததைக் கேட்டவர்கள் பலர் இன்னும் மறக்கவில்லை. அந்தக் குரல்கள் பாரதி பிறந்த வீட்டுத் தெருவிலும் ஒலிக்க வேண்டும் என்று தூத்துக்குடி நண்பரிடம் சொன்னேன். "நொட்டுஸ்வரத்துல ஆரம்பிக்கலாம் சார். தீட்சிதரே அதுக்கு வழி போட்டு வச்சிருக்காரே. அதுக்கு ஆல்ட்டோவும் பேஸும் எழுதிப் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றார். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். பென்சிலில் எழுதியது, நிறைய அழித்து எழுதியது.

மழைப்பாட்டைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சமாதியில் அதைக் கடைசியாக வைத்திருந்தார்கள். பாடினார்கள். வானம் வெளுப்பாக இருந்தது, அப்படியே இருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த, துண்டைத் தலையில் கட்டிய பெரியவர் ஒருவர் முடிந்ததும் எழுந்து மூத்த பாடகரிடம் வந்தார்.

"தம்பி, நல்லாப் பாடுனீய. விதைச்சு எட்டு நாள் ஆச்சு. இப்பம் ஒரு மழை போதும். ரெண்டாவது பெஞ்சா பயறு அழுகிரும். அதையும் சேத்துச் சொல்லிட்டீயளா?"

சொல்லியாயிற்று என்றார் பாடகர், கையைக் கூப்பியபடி. பிறகு குனிந்து பாயைச் சுருட்டத் தொடங்கினார். மறுமுனையை ஆசிரியை பிடித்துக்கொண்டார். சாயந்திரம் கோவில்பட்டியில் வண்டி பிடிக்க வேண்டும். அதற்குள் தம்பூராவை உறையில் போட்டு, பாத்திரங்களைக் கழுவி, கூடத்தைப் பெருக்கிச் சாவியைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். வீணைக்கார அம்மா புத்தகத்தைப் பழைய புடவைத் துண்டில் சுற்றிக்கொண்டே, அடுத்த வருஷத்துக்கு எந்தக் கிருதி என்று கேட்டார்.